மாணவர் உரிமைகளும் பாடசாலை நிருவாகத்தின் பொறுப்பும்

க.பொ.த. (சாதாரண தரம்) – குடியியற் கல்வி



மனித உரிமைகள் என்னும் பகுதியிலிருந்து வரும் சிறு வினாக்களுக்கு நீங்கள் பெரும்பாலும் நன்றாகவே விடை எழுதுகின்றீர்கள். 1948, 1978, 1989, 1991 என்று ஆண்டுகளைப் பிழையின்றி ஒப்புவிப்பீர்கள். ஆனால் ஒரு சம்பவத்தைத் தந்து, "இங்கு மீறப்பட்ட உரிமைகள் யாவை? பொறுப்பானவர் யார்? பாதிக்கப்பட்டவர் எங்கே முறையிடலாம்?" என்று கேட்டவுடன் பலரது பேனா நின்றுவிடுகின்றது. உரிமை என்பது கொழும்பிலோ ஜெனீவாவிலோ இருக்கின்ற ஒன்று, எமது வகுப்பறைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்ற எண்ணமே இதற்குக் காரணம் என நினைக்கின்றேன். ஆகவே இப்பாடத்தில் ஒரு பாடசாலைச் சம்பவத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். சம்பவம் கற்பனையானது. எனினும் வாசிக்கும்போது உங்களிற் சிலருக்கு ஒரு முகம் ஞாபகத்துக்கு வரக்கூடும்.

சம்பவம்

தரம் 10 வகுப்பொன்றில் கல்விச் சுற்றுலாவுக்காகச் சேர்த்த 8,500 ரூபாய் வகுப்பாசிரியரின் மேசை லாச்சியிலிருந்து காணாமற்போகின்றது. இடைவேளையில் வகுப்பறையில் தனியே நின்றவன் என்று இரு மாணவர்கள் ஒருவனைக் காட்டுகின்றனர். அவனுக்கு வயது 15. தந்தை கூலித் தொழிலாளி. சுற்றுலாக் காசு இன்னும் கட்டாதவன். "காசு இல்லாதவன்தானே எடுத்திருப்பான்" என்ற பேச்சு வகுப்பிற் பரவுகின்றது. காசைப் பறிகொடுத்த வகுப்பாசிரியரே அவனை விசாரிக்கின்றார். அவன் மறுக்கின்றான். இரண்டு அடி விழுகின்றது. மறுநாள் காலைக் கூட்டத்தில் அதிபர் அவனை மேடைக்கு அழைத்து, களவெடுத்தவன் இவன் என்று அறிவிக்கின்றார். இரண்டு வாரம் பாடசாலைக்கு வரவேண்டாம் என்று வாய்மொழியாகச் சொல்லப்படுகின்றது. தாய் வந்து கேட்டபோது, "விடுகைப் பத்திரம் எழுதித் தாறன், வேறை பள்ளிக்கூடம் பாருங்கோ" என்பதே பதில்.

இந்தச் சம்பவத்தை வகுப்பிற் கொடுத்தால் பத்தில் எட்டுப் பேர் "மாணவனுக்கு அடித்தது பிழை" என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவார்கள். அடி பிழைதான். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றிலேதான் கூடுதலான புள்ளிகள் கிடக்கின்றன.

அடி பற்றிச் சுருக்கமாக

1978ஆம் ஆண்டின் இலங்கை அரசியலமைப்பில் மூன்றாம் அத்தியாயம் அடிப்படை உரிமைகளைக் கூறுகின்றது. அதன் 11ஆம் உறுப்புரையின்படி ஆளெவரும் சித்திரவதைக்கோ, கொடூரமான, மனிதாபிமானமற்ற அல்லது இழிவான நடத்துகைக்கோ தண்டனைக்கோ உட்படுத்தப்படலாகாது. இங்கே "ஆளெவரும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். பிரசை என்றோ வயது வந்தவர் என்றோ அங்கு இல்லை. மேலும், வேறு பல உரிமைகளுக்குத் தேசிய பாதுகாப்பு போன்ற காரணங்களால் சட்டம் மட்டுப்பாடு விதிக்கலாம். 11ஆம் உறுப்புரைக்கு அவ்வாறான மட்டுப்பாடு எதுவும் இல்லை.

பாடசாலைகளில் உடல் ரீதியான தண்டனை வழங்கலாகாது எனக் கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றுநிருபத்தின் மூலம் அறிவுறுத்தியது. நீதிமன்றம் அதற்கும் முன்பே பேசியிருக்கின்றது. 1995ஆம் ஆண்டில் பண்டார எதிர் விக்கிரமசிங்க வழக்கில், பாடசாலை ஆசிரியர்கள் ஒரு மாணவனைத் தாக்கியமை 11ஆம் உறுப்புரையை மீறுவதாக உயர் நீதிமன்றம் தீர்த்தது. 2021 பெப்ரவரியில் இன்னொரு தீர்ப்பு வந்தது. தென் மாகாணத்துப் பாடசாலையொன்றில் 2017ஆம் ஆண்டு ஆசிரியர் அறைந்ததால் தரம் 9 மாணவனொருவனின் செவிப்பறை பாதிக்கப்பட்டது. நீதியரசர் எஸ். துரைராஜா எழுதிய அத்தீர்ப்பில் 11ஆம், 12(1)ஆம் உறுப்புரைகள் மீறப்பட்டதாகக் கூறப்பட்டு, ஆசிரியர் மட்டுமன்றி அரசும் நட்டஈடு செலுத்தவேண்டுமெனக் கட்டளையிடப்பட்டது. அரசு ஏன் செலுத்தவேண்டும் என்று கேட்கலாம். அரசாங்கப் பாடசாலை ஆசிரியர் வகுப்பறையில் நிற்பது தனியாளாக அல்ல, அரசின் அலுவலராகவே. இந்த ஒரு வசனத்தை விளங்கிக்கொண்டால் கீழே வரும் பாதி விடயம் தானாக விளங்கும்.

விசாரணை எப்படி நடந்திருக்க வேண்டும்?

இப்போது பாடத்தின் நடுப்பகுதிக்கு வருகின்றோம். மாணவனை அடிக்காமலே, அன்பாகப் பேசியே, இரண்டு வாரம் நிறுத்தியிருந்தாலும் இச்சம்பவத்தில் அநீதி இருந்திருக்கும். ஏனெனில் அவன் முறையாக விசாரிக்கப்படவில்லை.

ஒருவரைப் பாதிக்கும் தீர்மானம் எடுக்கும் அதிகாரம் உள்ளவர் பின்பற்றவேண்டிய அடிப்படை விதிகளை இயற்கை நீதி என்பர். அவற்றுள் முக்கியமானவை இரண்டு. முதலாவது, மறு தரப்பையும் கேட்டறிய வேண்டும் என்பது. இரண்டாவது, தன் வழக்கில் தானே நீதிபதியாக இருக்கக் கூடாது என்பது. எமது ஊர்ப் பெரியவர்கள் வாய்க்கால் பிணக்கைத் தீர்க்கும்போதுகூட, வாய்க்காலை மறித்தவரின் மைத்துனரைத் தீர்ப்புச் சொல்ல விடமாட்டார்கள். இயற்கை நீதி என்ற பெயர் அவர்களுக்குத் தெரியாமலிருக்கலாம். விதி தெரியும்.

சம்பவத்துக்குப் பொருத்திப் பாருங்கள். காசைத் தொலைத்தவர் வகுப்பாசிரியர். லாச்சியைப் பூட்டாமல் விட்ட பொறுப்பும் அவருடையதே. கள்வன் ஒருவன் அகப்பட்டால் அவர்மீதான கேள்வி மறைந்துவிடும். அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆயினும் அவர் விசாரணை நடத்தியது பிழை. ஒருவர் பக்கச் சார்பாக நடந்தாரா என்பது மட்டுமல்ல, பக்கச் சார்பு ஏற்பட நியாயமான இடம் இருந்ததா என்பதும் பார்க்கப்படும். அதிபர் செய்திருக்க வேண்டியது எளிய காரியம்: இச்சம்பவத்தோடு தொடர்பில்லாத ஆசிரியர் இருவர் மூவரிடம் விசாரணையை ஒப்படைத்திருக்கலாம்.

மறு தரப்பைக் கேட்டறிதல் என்பதும் "நீ எடுத்தனியோ இல்லையோ?" என்று கேட்பதோடு முடிவதில்லை. தன்மேல் சுமத்தப்படும் குற்றச்சாட்டு எதுவென்று அவனுக்குத் தெளிவாகச் சொல்லப்பட வேண்டும். யார் என்ன சொன்னார்கள் என்பது தெரிய வேண்டும். அந்த இரு மாணவர்களும் அவன் லாச்சியைத் திறந்ததைக் கண்டார்களா, வகுப்பில் நின்றதை மட்டும் கண்டார்களா? இடைவேளையில் அவன் ஏன் வகுப்பிலேயே நின்றான்? சாப்பாடு கொண்டுவராத பிள்ளை சிற்றுண்டிச்சாலைப் பக்கம் போகாமல் வகுப்பில் இருந்துவிடுவது எத்தனை பாடசாலைகளில் நடக்கின்றது! இதை யாராவது கேட்டிருந்தால் விசாரணையின் போக்கே மாறியிருக்கும். பெற்றோரை அழைத்து, அவர்கள் முன்னிலையில் அவனது வாக்குமூலத்தை எழுத்தில் பெற்று, தீர்மானத்தையும் காரணத்தையும் பதிந்துவைக்க வேண்டும்.

இவையெல்லாம் பெரிய நீதிமன்றங்களுக்கு உரியவை, பள்ளிக்கூடத்துக்குப் பொருந்தா என்று ஒரு வாதம் உண்டு. கல்வி நிறுவனமொன்று தொடர்பாகவே இலங்கையில் எழுந்த புகழ்பெற்ற வழக்கொன்று இருக்கின்றது: இலங்கைப் பல்கலைக்கழகம் எதிர் பெர்னாண்டோ. 1952ஆம் ஆண்டுப் பரீட்சையில் வந்த ஜேர்மன் மொழிப் பந்தியொன்றை முன்கூட்டியே அறிந்திருந்தார் என்று ஒரு மாணவர்மீது குற்றச்சாட்டு எழுந்தது. பல்கலைக்கழகம் விசாரணைக் குழு அமைத்து, அவரைப் பரீட்சைகளிலிருந்து இடைநிறுத்தியது. முக்கிய சாட்சி ஒரு சக மாணவி. அச்சாட்சியை அவர் இல்லாத வேளையிற் குழு விசாரித்தது. அவரிடம் குறுக்குக் கேள்வி கேட்கும் வாய்ப்பு மாணவருக்குக் கிடைக்கவில்லை. இலங்கை உயர் நீதிமன்றம் மாணவர் பக்கம் தீர்ப்பளித்தது. பின்னர் வழக்கு இலண்டனிலுள்ள கோமறைக் கழகத்துக்குச் சென்றது.

1960ஆம் ஆண்டு கோமறைக் கழகம் அளித்த தீர்ப்பில் இரண்டு பகுதிகள் உண்டு. நல்ல விடை எழுத விரும்புபவர் இரண்டையும் சொல்ல வேண்டும். இத்தகைய விசாரணையில் இயற்கை நீதி பின்பற்றப்படத்தான் வேண்டும், குற்றஞ்சாட்டப்பட்டவர் குற்றச்சாட்டின் தன்மையை அறிந்திருக்க வேண்டும், தன் பக்கத்தைக் கூற வாய்ப்புப் பெற வேண்டும், விசாரிப்பவர் நன்னம்பிக்கையுடன் நடக்க வேண்டும் என்பது ஒரு பகுதி. ஆனால் இறுதி முடிவு மாணவருக்கு எதிராகவே அமைந்தது. சாட்சியைக் கேள்வி கேட்க வேண்டும் என்று அவர் கோரவேயில்லை என்பது அதற்கு ஒரு முக்கிய காரணம். அவர் கோரி, அது மறுக்கப்பட்டிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கலாம். கல்விமான்கள் கூடிய குழுவின் முன்னால் தனியே நிற்கும் மாணவரிடம் "நீ கேட்டிருக்க வேண்டும்" என்று எதிர்பார்ப்பது கடுமையானது என்றே எனக்குப் படுகின்றது. ஆயினும் தீர்ப்பு தீர்ப்புத்தான். உங்கள்மேல் ஒரு குற்றச்சாட்டு வந்தால் பணிவாக, ஆனால் வாய்திறந்து கேளுங்கள்: "ஐயா, என்மேல் சொல்லப்படுவது என்ன? சொன்னவர்களை நானும் கேட்கலாமா? அம்மா வரும்வரை பொறுக்கலாமா?"

இப்படிக் கேட்பது எதிர்த்துப் பேசுவதாகாது. 1991ஆம் ஆண்டு இலங்கை ஏற்று உறுதிப்படுத்திய சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை, தன்னைப் பாதிக்கும் விடயங்களில் கருத்துக்கூறும் உரிமையைப் பிள்ளைக்கு வழங்குகின்றது. 28ஆம் உறுப்புரையோ, பாடசாலை ஒழுக்கம் பிள்ளையின் மனித கண்ணியத்துக்கு இசைவான முறையில் பேணப்பட வேண்டும் என்கின்றது. காலைக் கூட்ட மேடையில் நடந்ததை இந்த வசனத்தோடு வைத்துப் பாருங்கள். கையால் அடிக்காமலே ஒருவனை ஆயிரம் பேர் முன்னிலையில் அடிக்கலாம். 11ஆம் உறுப்புரையில் வரும் "இழிவான நடத்துகை" என்ற தொடரை இங்கும் சுட்டிக்காட்டி எழுதலாம்.

"காசு இல்லாதவன்தானே"

சட்டத்தின் முன் யாவரும் சமம், யாவரும் சட்டத்தின் சமமான பாதுகாப்புக்கு உரித்துடையவர்கள் என்கின்றது 12(1)ஆம் உறுப்புரை. இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கருத்து, பிறந்த இடம் போன்றவற்றின் அடிப்படையில் பிரசைக்குப் பாரபட்சம் காட்டலாகாது என்கின்றது 12(2). வறுமை அந்தப் பட்டியலில் இல்லையே என்று கெட்டிக்கார மாணவர் ஒருவர் கேட்கக்கூடும். 12(1) பரந்தது. காரணமின்றி, எதேச்சையாக ஒருவரை வேறுபடுத்தி நடத்துவதையும் அது தடுக்கும். வைத்தியரின் மகன் வகுப்பில் தனியே நின்றிருந்தால் மேடைக்கு ஏற்றியிருப்பார்களா? இந்தக் கேள்விக்கு நேர்மையாக "இல்லை" என்று பதில் வந்தால் அங்கே சமத்துவம் மீறப்பட்டிருக்கின்றது.

பாடசாலையில் சமமாக நடத்தப்படுவது எமது மண்ணில் இலவசமாகக் கிடைத்ததல்ல. யாழ்ப்பாணத்தில் ஒரு காலத்தில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளைப் பாடசாலையில் சேர்த்தாலும் வாங்கில் இருக்க விடவில்லை. நிலத்தில் இருந்தே படித்தார்கள். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் அரசின் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்க வேண்டுமென அரசு பணித்தபோது எதிர்ப்புக் கிளம்பியது, பாடசாலைகள் எரிக்கப்பட்டன. ஒரு பிள்ளை வாங்கில் இருப்பதற்காகக் கொட்டில்கள் எரிந்தன! "சம ஆசனம், சம போசனம்" என்ற தொடரை உங்கள் பாட்டன்மார் கேள்விப்பட்டிருப்பார்கள், விசாரித்துப் பாருங்கள். பின்னர் 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம், சாதி காரணமாக ஒருவரைப் பாடசாலையிற் சேரவிடாமல் தடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அதேபோல 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வலது குறைந்தவர்களுக்குக் கல்வி நிறுவன அனுமதியில் பாரபட்சம் காட்டுவதைத் தடுக்கின்றது.

வதந்தியை நம்பி ஒரு பிள்ளையை ஒதுக்குவது அண்மைக் காலத்திலும் நடந்ததே. வடமேல் மாகாணத்தில் ஒரு சிறுவனின் தந்தை எயிட்ஸ் நோயினால் இறந்தார் என்று கதை பரவியது. ஏனைய பெற்றோர் எதிர்த்ததால் அச்சிறுவனுக்குப் பாடசாலை கிடைக்கவில்லை. விடயம் உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, 2016 ஏப்ரலில், எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்வோருக்கும் கல்விக்கான உரிமை உண்டென்பது அங்கீகரிக்கப்பட்டது. பெற்றோர் கூட்டமாக வந்து நின்றாலும், ஒரு பிள்ளையின் உரிமையைப் பெரும்பான்மை விருப்பத்துக்கு அதிபர் விட்டுக்கொடுக்க முடியாது என்பதே நாம் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய விடயம்.

வேறை பள்ளிக்கூடம் பாருங்கோ

கல்வி கற்கும் உரிமை எங்கே சொல்லப்பட்டிருக்கின்றது? இங்கே பலர் வழுக்கி விழுகின்றனர். அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் "கல்வி உரிமை" என்று தனியான உறுப்புரை இல்லை. எல்லா மட்டங்களிலும் கல்வி பெறுவதற்கான சமமான வாய்ப்பை உறுதிப்படுத்தல் என்பது 27(2)ஆம் உறுப்புரையில் சொல்லப்பட்டிருக்கின்றது. ஆங்கிலப் பிரதியின் எட்டாவது பந்தி அது. எழுத்தில் ஐயம் இருந்தால் "27(2)ஆம் உறுப்புரை" என்று மட்டும் எழுதுங்கள், போதும். அது அரச கொள்கையை வழிநடத்தும் தத்துவங்களுள் ஒன்று. அதனை நேரடியாக நீதிமன்றத்தில் வலியுறுத்த முடியாது. ஆனால் நீதிமன்றங்கள் அதனைச் சமத்துவ உரிமையோடு சேர்த்து வாசித்திருக்கின்றன. முதலாம் தர அனுமதி பற்றிய சுற்றுநிருபம் ஒன்றை 2007ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் 12(1)ஆம் உறுப்புரைக்கு முரணானது எனத் தீர்த்தமை இதற்கு உதாரணம்.

இதைவிட எளிதான விடையும் உண்டு. 1939ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டத்தின்கீழ் 1997இல் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதிகள் 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்குக் கல்வியைக் கட்டாயமாக்கின. 2016இல் இவ்வயதெல்லை 16 ஆக உயர்த்தப்பட்டது. எமது சம்பவத்து மாணவனுக்கு வயது 15. பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாத பெற்றோரைச் சட்டம் பிடிக்கின்றது. அப்படியிருக்க, வரும் பிள்ளையை அதிபர் வாய்மொழியாகத் திருப்பி அனுப்புவது எவ்வாறு?

எங்கே முறையிடுவது?

முதலில் அதிபருக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். அதிபரே பிரச்சினையாக இருந்தால் வலயக் கல்விப் பணிப்பாளர், அதற்கு மேல் மாகாணக் கல்விப் பணிப்பாளர். தேசிய பாடசாலையாயின் மத்திய கல்வி அமைச்சு. கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியையும் பற்றுச்சீட்டையும் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழித் தண்டனையின் பெரிய தொல்லை, பிறகு "நான் அப்படிச் சொல்லவில்லை" என்று கூற முடிவதுதான். அதனால் யார், எப்போது, என்ன சொன்னார் என்பதை அன்றிரவே கொப்பியில் எழுதிவிடுவது நல்லது. விசாரணை அறிக்கையைத் தர மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கோரலாம். கோரிக்கை தொடர்பான தீர்மானம் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்கப்பட வேண்டும்.

அடி, துன்புறுத்தல் என்றால் 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு 1929 என்ற இலக்கத்தில் முறையிடலாம். பிள்ளையே அழைக்கலாம்.

அடிப்படை உரிமை மீறலாயின் 17ஆம், 126ஆம் உறுப்புரைகளின்கீழ் உயர் நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்யலாம். இங்கே ஒரு கால எல்லை இருக்கின்றது: மீறல் நிகழ்ந்து ஒரு மாதத்துக்குள். பரீட்சைக்காக மட்டுமன்றி வாழ்க்கைக்காகவும் இதை மனதில் வையுங்கள். "முதலில் தவணைப் பரீட்சை முடியட்டும்", "அதிபரோடை பகைக்கக் கூடாது, கொஞ்சம் பொறுப்பம்" என்று பெற்றோர் பொறுக்கும் நாட்களிலேயே அந்த மாதம் ஓடிவிடுகின்றது. கொழும்புக்குச் சென்று சட்டத்தரணியைப் பிடிக்க வசதியில்லாதவர்கள் அம்மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையில் உள்ள காலம் இந்த ஒரு மாதத்திற் கணக்கிடப்படாது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு இதைக் கூறுகின்றது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகங்கள் வெளி மாவட்டங்களிலும் உள்ளன.

ஆட்சித்துறையின் அல்லது நிருவாகத்தின் செயலால் உரிமை மீறப்பட்டால் மாத்திரமே 126ஆம் உறுப்புரை உதவும். அரசாங்கப் பாடசாலை அதிபருக்கு எதிராக மனுச் செய்யலாம். என்னைப் போன்ற ரியூசன் ஆசிரியருக்கு எதிராகச் செய்ய முடியாது. அதற்காக ரியூசன் ஆசிரியர் அடிக்கலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்! தண்டனைச் சட்டக் கோவையின் 308அ பிரிவு, பிள்ளைகளைக் கொடுமைப்படுத்தும் எவரையும் பிடிக்கும்.

விடை எழுதும்போது

மாணவன் உண்மையிலேயே காசை எடுத்திருந்தால் என்ன என்று வினா திருப்பிப் போடப்படலாம். அப்போதும் விடை மாறாது. முறையான விசாரணையின் பின் குற்றம் நிரூபிக்கப்பட்டால், அளவான, கண்ணியமான ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் அதிபருக்கு உண்டு. பிறரின் உரிமைகளை மதிக்கும் கடமையை 28ஆம் உறுப்புரை மாணவனுக்கும் விதிக்கின்றது. களவு கொடுத்த முப்பது பிள்ளைகளுக்கும் உரிமை இருக்கின்றது. இந்த வசனத்தை எழுதுபவரின் விடை சமநிலையானதாகத் தெரியும்.

உறுப்புரை இலக்கத்தை மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள். "12(1) மீறப்பட்டுள்ளது" என்பது அரை விடை. "சான்று எதுவுமின்றி, சுற்றுலாக் காசு கட்டாதவன் என்பதனால் சந்தேகிக்கப்பட்டமை 12(1)ஆம் உறுப்புரை வழங்கும் சமமான பாதுகாப்பை மீறுகின்றது" என்பதே முழு விடை. சம்பவத்திலிருந்து ஒரு செய்தி, சட்டத்திலிருந்து ஒரு செய்தி, இரண்டையும் இணைக்கும் சொல் என்று எழுதிப் பழகுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. இயற்கை நீதியின் இரு பிரதான விதிகளையும் கூறி, மேற்படி சம்பவத்தில் ஒவ்வொன்றும் மீறப்பட்ட இடத்தைக் குறிப்பிடுக.

2. அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரைக்கும் 27(2)ஆம் உறுப்புரைக்கும் இடையே, நீதிமன்றத்தில் வலியுறுத்தும் தன்மையிலுள்ள வேறுபாட்டை விளக்குக.

3. வசதிகள் சேவைக் கட்டணம் செலுத்தாத மாணவி ஒருத்தியின் பெயரை வகுப்பாசிரியர் கரும்பலகையில் எழுதி, கட்டும்வரை அழிக்கக் கூடாது என்கின்றார். இது தொடர்பாக மாணவியின் தந்தை வலயக் கல்விப் பணிப்பாளருக்கு அனுப்பக்கூடிய கடிதமொன்றை 120 சொற்களில் எழுதுக.

4. மேற்படி சம்பவம் மார்ச் 3ஆம் திகதி நடைபெற்றது. தாய் மார்ச் 28ஆம் திகதி மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தில் முறையிட்டார். மகனுக்காக உயர் நீதிமன்றத்தை நாடும் வழி அவருக்கு இன்னும் திறந்திருக்கின்றதா? காரணம் தருக.